மாமாவின் மெட்டல் டிடெக்டரை என்ன செய்தேன்

மாமா இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த காரெட் ஏஸ் 250, அவர் போனபின் என்னிடம் வந்தது. பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் நாலு டபுள்-ஏ செல்லும் கசிந்து, தகடெல்லாம் பச்சை பூத்திருந்தது. பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். புது செல் போட்டதும் 'பீப்'!

விற்கலாமென்று இருந்தேன். அத்தைக்கோ புதையல் ஆசை. 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதைந்து கிடப்பது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றேன். "பத்து ரூபாயா?" என்று சிரித்தார். அப்புறம்தான் தொலைந்த மெட்டி ஞாபகம் வந்தது அவருக்கு. கொல்லையில் மூன்று சோடா மூடி, ஒரு லாடம், கடைசியில் கனகாம்பரச் செடியடியில் மெட்டி. இப்போது டிடெக்டர் பரணில்தான் இருக்கிறது, செல்லைக் கழற்றி வைத்துவிட்டேன்.