விழா முடிந்த மறுநாள்: புனைகதையைச் சொந்தமாகப் பதிப்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் தமிழ் நாவலோ சிறுகதைத் தொகுப்போ எழுதுகிறவர் பெரும்பாலும் தமக்குத் தாமே பதிப்பாளரும் ஆகிறார். கையெழுத்துப்படி முடிந்ததும் அவர் மனம் நேரே மண்டபத்துக்குப் போய்விடுகிறது. யார் தலைமை, யார் முதல் நூல் பெறுவார், எத்தனை மாலை, எத்தனை பேருக்குச் சிற்றுண்டி. விழா நன்றாகவே நடக்கிறது. உறைகளில் வந்த அன்பளிப்பு அச்சுச் செலவை ஈடுகட்டுகிறது. மறுநாள் அந்த நூலுக்கென்று யாரிடமும் ஒரு வேலையும் இல்லை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் எழுத்தைத் தொழிலாக வளர்க்க விரும்புகிறவர்கள் செய்யும் பல தவறுகளுக்கு வேர் இதுதான்: நூலை ஒரு மாலைப்பொழுதுக்காகத் திட்டமிடுவது.

எத்தனை அடிப்பது, என்ன விலை வைப்பது

அச்சகத்தில் 300 படிக்கு ஒரு விலை, 1000 படிக்கு ஒரு விலை சொல்வார்கள். கணக்குக்காக 300 அடித்தால் படி 10 வெள்ளி (ரிங்கிட்), 1000 அடித்தால் 6 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். படிக்கு 4 வெள்ளி குறைகிறதே என்று மனம் 1000 பக்கம் சாயும். ஆனால் கையிலிருந்து போகும் பணம் 3000 வெள்ளியிலிருந்து 6000 ஆகிவிட்டது. முதல் ஆண்டில் 250 படி விற்றால், 300 அடித்தவருக்கு விற்ற படி ஒன்றின் அடக்கம் 12 வெள்ளி. 1000 அடித்தவருக்கு 24 வெள்ளி.

மீதமுள்ள 750 படி எங்கே இருக்கும்? 80 கிராம் தாளில் (ஒரு சதுர மீட்டரின் எடை) அச்சான 240 பக்க ஏ5 நூல் அட்டையோடு ஏறக்குறைய 315 கிராம் இருக்கும். 750 படி என்றால் 236 கிலோ. அடுக்குமாடி வீட்டின் ஒரு மூலையை அது நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் ஈரப்பதத்தில் தாள் வளையும், ஓரங்களில் பழுப்புப் புள்ளி விழும், ராமபாணப் பூச்சி வரும். இரண்டாம் ஆண்டில் அவற்றைப் புதிய நூல் என்று சொல்லி விற்க முடியாது.

முதலில் 150 முதல் 300 படி வரை டிஜிட்டல் அச்சில் எடுங்கள். முன்பதிவு செய்யும்போது முகநூலில் விருப்பம் போட்டவர்களைக் கணக்கில் சேர்க்காமல், பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணுங்கள். உள்ளடக்கம் மாறாத மறு அச்சுக்குப் புதிய ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான அனைத்துலகத் தர எண்) தேவையில்லை என்பதால், தீர்ந்ததும் மறுபடி அடிப்பதில் சிக்கல் எதுவும் இல்லை.

விலையைக் கடைக்காரரின் கழிவு போன பிறகு கணக்கிட வேண்டும். 20 வெள்ளி நூலுக்குக் கடை 40 விழுக்காடு கழிவு கேட்டால் உங்களுக்கு வருவது 12. அடக்கம் 10 போனால் மிச்சம் 2. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு அனுப்பும் செலவு, உறை, பெட்டி எல்லாம் அந்த இரண்டு வெள்ளிக்குள் அடங்க வேண்டும். அடங்காது. 30 வெள்ளி வைத்தால் கையில் 18, மிச்சம் 8. இலவசப் படிகளையும் மறக்காதீர்கள். 300இல் 30 படி அன்பளிப்பாகப் போனால் மீதிப் படிகளின் அடக்கம் 10இலிருந்து 11 வெள்ளிக்கு மேல் ஏறிவிடுகிறது.

கதைக்கு முன்னால் நிற்கும் பக்கங்கள்

இதைச் சொன்னால் சிலர் வருந்தக்கூடும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். வாழ்த்துரை, அணிந்துரை, முன்னுரை, என்னுரை, நன்றியுரை என்று இருபது பக்கம் கடந்தே கதை தொடங்கும் வழக்கம் வாசகரை இழக்க வைக்கிறது. விழாவுக்கு வந்தவர் உங்களை அறிவார், பொறுத்துக்கொள்வார். கடையில் நூலைப் புரட்டுகிறவர் முதல் பத்தியைத்தான் தேடுகிறார். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் நிலைமை இன்னும் மோசம். அங்கே இலவச மாதிரியாகக் காட்டப்படுவது நூலின் தொடக்கத்தில் சுமார் 10 விழுக்காடு. 240 பக்க நூலில் அது 24 பக்கம். அந்த 24 பக்கமும் பாராட்டுரைகளாக இருந்தால், உங்கள் எழுத்தில் ஒரு வரிகூடப் படிக்காமலே வாசகர் முடிவெடுக்கிறார். ஒரே ஒரு முன்னுரை போதும். மற்றவற்றைப் பின்னட்டைக்கோ நூலின் கடைசிக்கோ கொண்டுபோங்கள்.

திருத்தமும் வடிவமைப்பும்

தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்து ஒற்றுப்பிழை பார்த்துவிட்டால் நூல் திருத்தப்பட்டுவிட்டது என்று நினைப்பது பரவலான தவறு. அது மெய்ப்புத் திருத்தம். கதையில் எங்கே தொய்வு விழுகிறது, யார் பார்வையில் அத்தியாயம் நகர்கிறது, மூன்றாம் அத்தியாயத்தில் தம்பியாக இருந்தவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் அண்ணனாகிவிட்டாரா என்று பார்ப்பது வேறு வேலை. அதைச் செய்ய நிறையப் புனைகதை படிக்கிறவர் வேண்டும், வடிவமைப்புக்கு முன்பே செய்ய வேண்டும். மெய்ப்பை வடிவமைப்பு முடிந்த பிறகு, அச்செடுத்த தாளில் பாருங்கள். வரிசையை மாற்றினால் திருத்தியதே மறுபடி கலையும்.

தமிழ் எழுத்துரு தரும் தொல்லை தனி. பழைய குறியீட்டில் தட்டச்சு செய்த கோப்பை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். முரசு அஞ்சல், செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் பிறந்த நாட்டில் இதற்கு வழி தெரிந்தவரைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. அடுத்த கண்ணி பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இருக்கிறது. யூனிகோடில் ‘கெ’ என்ற எழுத்தில் ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி காம்போசர்’ தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் கண்ணில் இது படாது. ஆகவே இறுதிக் கோப்பில் கெ, கே, கை, கொ, கோ, கௌ வரிசைச் சொற்களைத் தேடித் தேடிப் பாருங்கள்.

அட்டைக்கு முதுகின் அகலத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். 80 கிராம் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. தடிமன். 240 பக்கம் என்றால் 120 தாள், அதாவது 12 மி.மீ. தாள் வகைக்கு ஏற்ப இது மாறும் என்பதால் அச்சகத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள். வெட்டுக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். இணையத்தில் கிடைத்த படத்தை அட்டையில் போடுவதும், திரைப்பாடல் வரிகளை அத்தியாயத்தின் தலையில் வைப்பதும் உரிமைச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

சட்டமும் கணக்கும்

ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகத்திடம் நீங்களே விண்ணப்பித்துப் பெறலாம். இடையில் ஒருவர் தொகுப்புக் கட்டணம் வாங்கிக்கொண்டு தம் பெயரில் எண் பெற்றால், பதிவேட்டில் பதிப்பாளர் அவர்தான். நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் 5 படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1986ஆம் ஆண்டுச் சட்டம். 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அச்சகத்தார், பதிப்பாளர் இருவரின் பெயரும் முகவரியும் நூலில் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் போட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள், மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும்.

பதிப்புரிமை எழுதிய கணமே உங்களுடையது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வாழ்நாளுக்கும் அதன்பின் 50 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும். போட்டி விதிமுறைகளில் ‘படைப்பின் உரிமை ஏற்பாட்டாளருக்கே’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். போட்டிக்கு அனுப்ப நினைக்கும் கதையை முகநூலில் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். ‘எங்கும் வெளிவராத கதை’ என்ற நிபந்தனையை அது முறித்துவிடும்.

நூலைத் தொடர்ந்து விற்பது வணிகம். எஸ்.எஸ்.எம்.மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, தனிப் பதிப்பகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். வருமான வரியில் இலக்கியப் படைப்பின் ராயல்டிக்கு ஆண்டுக்கு 20,000 வெள்ளி வரை விலக்கு உண்டு. ஆனால் நீங்களே அச்சடித்து விற்ற பணம் ராயல்டி ஆகாது, அது வணிக வருமானம். இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். அச்சக விலைப்பட்டியல், அஞ்சல் ரசீது எல்லாவற்றையும் 7 ஆண்டுகள் வைத்திருங்கள்.

கிண்டிலும் கடைகளும்

கிண்டிலுக்கு நாமே நூலை ஏற்றும் அமேசான் தளமான கே.டி.பி.யில் தமிழ் மின்னூல் வெளியிடலாம். 2.99 முதல் 9.99 டாலர் வரை விலை வைத்தால் 70 விழுக்காடு கிடைக்கும் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் பலர். அந்த 70 விழுக்காடு எல்லா நாட்டு வாசகருக்கும் பொருந்தாது. மலேசியாவில் வாங்குகிறவரிடமிருந்து வருவது 35 விழுக்காடு. தமிழ்நாட்டு வாசகரிடமிருந்து 70 வர வேண்டுமானால் நூல் கே.டி.பி. செலக்ட் என்ற தனியுரிமைத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. இணைய இதழில் தொடராக வந்து இன்னும் அங்கேயே கிடக்கும் நாவலைச் செலக்டில் போடுவது விதிமீறல். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ராயல்டியைத் தொடும் வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்க வாசகர்வழி வரும் தொகையில் 30 விழுக்காடு அங்கேயே பிடித்துக்கொள்ளப்படும்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலோ பினாங்கு லெபோ பசாரிலோ உள்ள கடைகளுக்கு விற்ற பிறகு பணம் என்ற முறையில் கொடுக்கும்போது, 20 படி வைத்துவிட்டுக் கைகுலுக்கி வந்துவிடாதீர்கள். டி.ஓ.வில் (சரக்கு ஒப்படைப்புச் சீட்டு) எண்ணிக்கை, கழிவு, கணக்கு முடிக்கும் தேதி மூன்றையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய் எண்ணுங்கள். விமர்சனம் எழுதுகிறவருக்கு முழு பி.டி.எஃப்.ஐப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினால் அது குழு குழுவாகப் பரவும். அச்சுப் படியே கொடுங்கள்.

அடுத்த நூல்

விழாவில் வாங்கிய 150 பேரின் தொடர்பு ஒருவரிடமும் இல்லை என்பதுதான் மிகப் பெரிய இழப்பு. வரவேற்பு மேசையில் ஒரு தாள் வையுங்கள்: பெயர், எண், அடுத்த நூல் பற்றித் தெரிவிக்கச் சம்மதமா என்ற கட்டம். கேட்காமல் புலனக் குழுவில் சேர்ப்பது மரியாதையும் அல்ல, 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டத்துக்கு ஏற்றதும் அல்ல.

ஆங்கில நாவலுக்குச் சொல்லப்படும் 80,000 சொல் கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். தமிழில் சொற்கள் ஒட்டி நீளும், ஒரு ஏ5 பக்கத்தில் சுமார் 200 சொல்தான் அடங்கும். நாளுக்கு 400 சொல் எழுதினால் 120 நாளில் 48,000 சொல், அதாவது 240 பக்கம். அந்த வரைவை முதல் நூல் அச்சகத்துக்குப் போகும் முன்பே தொடங்குங்கள். தகடு வைத்து அதிகப் படி அடிக்கும் ஆஃப்செட் அச்சில் பக்கங்கள் 16, 16 ஆக மடிக்கப்படுவதால், 233 பக்கத்தில் முடியும் கதைக்குப் பின்னால் 7 பக்கம் எப்படியும் வரும். அவற்றுக்கான பணத்தை நீங்கள் கட்டிவிட்டீர்கள். அங்கே உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் அடுத்த நாவலின் முதல் அத்தியாயத்தையும் வையுங்கள்.