மலையகத்தில் கார் வைத்திருப்பவருக்கு: முன் பிரேக் பேட்டும் டிஸ்க்கும் நாமே மாற்றுவது

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் றம்பொடை இறக்கத்தில் போனால் அடிக்கடி ஒரு காட்சி கிடைக்கும். நுவரெலியா பார்த்துவிட்டுத் திரும்பும் கார் ஒன்று ஓரமாக நிற்கும். முன் சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம் வரும். யாராவது தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அதன்மேல் ஊற்றப் பார்ப்பார். தயவுசெய்து ஊற்றாதீர்கள். அவ்வளவு சூட்டில் இருக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க் கோணிவிடும், சிலவேளை வெடிப்பும் விடும். நிறுத்திவிட்டு ஒரு தேத்தண்ணீர் குடித்து வந்தால் தானாக ஆறும்.

நுவரெலியா 1868 மீட்டர் உயரம், கண்டி ஏறக்குறைய 500. ஆளும் சாமானுமாக 1200 கிலோ வரும் ஒரு கார் ஆயிரம் மீட்டர் இறங்கினால், 35 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சக்தியை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கினால் என்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், காற்று கொஞ்சம் கொண்டுபோகும். மீதியில் பெரும்பகுதி முன்னால் இருக்கும் இரண்டு டிஸ்க் தலையில்தான் விழுகிறது. அதனால் நம் பக்கத்துக் கார்களுக்கு, டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் முன் பேட் சீக்கிரம் தேயும். வருஷத்தில் பாதி மழையும் பனியும் என்பதால் சுற்றியுள்ள இரும்பு எல்லாம் துருவும் பிடிக்கும். புதுப் பேட்டைப் போடுவது பத்து நிமிஷ வேலை. துருவைச் சுரண்டுவதற்குத்தான் அரை நாள் வேண்டும்.

நான் மெக்கானிக் இல்லை. மாமா தோட்ட பெக்டரியில் பிட்டராக இருந்தவர், அவரிடம் பழகியது இது. என் கார் டொயோட்டா எக்சியோ. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நான் சொல்வது முன் பக்கத்துக்கு மட்டும். புத்தகத்தில் ரோட்டர் என்று இருப்பதைத்தான் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் டிஸ்க் என்கிறார்கள், குழம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுடையது எக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் என்றால் இதை வீட்டில் தொடாதீர்கள். அவற்றில் டிரைவர் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் தானாக வேலை செய்யத் தொடங்கும். பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் கழன்றிருக்கும் நேரத்தில் அது நடந்தால் அதற்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே வந்துவிடும். விரல் நடுவில் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

மாற்ற வேண்டுமா என்று பார்ப்பது

பிரேக் மிதிக்கும்போது கீச்சென்ற சத்தம் வந்தால் பேட்டில் இருக்கும் சிறு தகடு டிஸ்க்கில் உரசுகிறது, காலம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். கரகரவென்று அரைத்தால் காலம் கடந்தே விட்டது, இரும்பும் இரும்பும் உரசுகின்றன. சத்தம் வரும்வரை காத்திருக்காமல் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். புதுப் பேட்டின் உராய்வுப் பகுதி சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். மலையில் ஓடும் காருக்கு நான் 4லேயே மாற்றிவிடுவேன்.

டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தை வைத்து உள்பக்கமாக இழுத்துப் பாருங்கள். விளிம்பு மேடாகத் தட்டுப்பட்டால் நடுவில் அவ்வளவு தேய்ந்திருக்கிறது. எவ்வளவுவரை தேயலாம் என்பது டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். வேர்னியரால் அளக்கும்போது அந்த மேட்டைச் சேர்த்து அளக்கக் கூடாது, பேட் உரசும் இடத்தை அளக்க வேண்டும். எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் லேத்தில் கடைந்து காசு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது, நம் இறக்கங்களில் அது சீக்கிரமே தெரிந்துவிடும்.

வாங்க வேண்டியவை

கடைக்குப் போகும்போது செசி நம்பரை எழுதிக்கொண்டு போங்கள். ஒரே மொடலிலும் வருஷத்துக்கு வருஷம் டிஸ்க் மாறும். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்தாலும் இதே கதைதான். பழைய பேட்டைக் கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது. டிஸ்க் இரண்டு, பேட் ஒரு செட். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கிடையாது. கூடவே பிரேக் கிளீனர் இரண்டு டின், சிலிகோன் கிரீஸ், பேட்டின் முதுகுக்குப் பூசும் சூடு தாங்கும் கிரீஸ், கம்பி பிரஷ், உப்புத்தாள், ஜி கிளாம்ப், ஒரு முழம் கட்டுக் கம்பி. ஜக் ஸ்டாண்ட் இரண்டு கட்டாயம். எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் டோர்க் ரெஞ்ச் இல்லையென்றால் யாரிடமாவது ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். முகத்துக்கு மாஸ்க்கும் வேண்டும். பிரேக் தூசியை வாயாலோ கொம்பிரஷராலோ ஊதக் கூடாது, கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடைக்க வேண்டும்.

சம தரை

நம் பக்கத்தில் கஷ்டமான விஷயம் இதுதான். லயத்து வாசல் சமமாகத் தெரியும், ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பாருங்கள், உருண்டு ஓடும். நான் கேட்டு அனுமதி வாங்கி, பெக்டரி லொறி நிற்கும் சிமெந்துத் தரையில் செய்கிறேன். அதுவும் கிடைக்காவிட்டால் கராஜுக்கே கொண்டுபோங்கள். சரிவில் ஜக் வைத்துச் செய்யலாம் என்று எந்த அண்ணன் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டு (ஓட்டோ என்றால் பார்க், அதாவது P), பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கல் வேண்டாம், வழுக்கும். சக்கர நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜக் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். காரை ஒரு தடவை நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் சக்கரத்தைக் கழற்றி, அதையும் வண்டிக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும். எது எப்படி இருந்தது என்று மறந்தால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கழற்றுவது

ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடித்தால் காலிப்பரின் முதுகு உங்களைப் பார்க்கும். அதில் சிறிய போல்ட் இரண்டு, பெரும்பாலும் 14 சைஸ். புதியவர்கள் இங்கே தவறுவது திசையில். முன்பக்கம் உட்கார்ந்து கையைப் பின்னால் விட்டுத் திருப்பும்போது தளர்த்துவதாக நினைத்து இறுக்கிவிடுவார்கள். போல்ட்டின் தலையை நேராகப் பார்த்து இடப்பக்கம் திருப்புங்கள்.

காலிப்பர் கையோடு வந்ததும் அதைக் கட்டுக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் கிழியும் ரப்பர் அது.

பழைய பேட்டுகளை எடுத்து, உள்பேட்டையும் வெளிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் நல்லது. உள்பேட் வழுவழுவென்று தகடாகி, வெளிப்பேட் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் காலிப்பரைத் தாங்கும் பின்கள் இறுகிவிட்டன. என்னுடையதில் ஒரு பின் அசையவே இல்லை. கிழிந்த ரப்பருக்குள் மழைத் தண்ணீர் போய், கிரீஸ் பலாப்பால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

காலிப்பரும் பேட்டும் உட்காரும் பிராக்கெட்டின் இரண்டு பெரிய போல்ட்டுகள், பெரும்பாலும் 17, லேசில் வராது. துரு இளக்கும் ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் விட்டு, ரெஞ்சுக்குக் குழாய் சேர்த்து மெதுவாக அமுக்குங்கள். எட்டி உதைத்தால் கார் ஸ்டாண்டிலிருந்து நழுவும்.

டிஸ்க் ஹப்போடு, அதாவது டிஸ்க்கும் சக்கரமும் பூட்டப்படும் நடுப் பகுதியோடு, ஒட்டிப் போயிருக்கும். டொயோட்டாக்காரருக்கு ஒரு வசதி உண்டு: டிஸ்க்கின் முகத்தில் மரை போட்ட இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை விட்டு, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் டக்கென்று வெளியே தள்ளப்படும். அந்தத் துளை இல்லாத கார்களில் சுற்றிலும் சுத்தியலால் தட்ட வேண்டியதுதான். சக்கர நட் ஒன்றை நுனியில் மாட்டி வைத்தால் காலில் விழாது.

ஹப்பைச் சுரண்டுவது

முதல் தடவை நான் இதைச் செய்யவில்லை. பழைய டிஸ்க்கை எடுத்தேன், பளபளவென்று புதியதை வைத்தேன், பெருமையாக ஓட்டினேன். இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு கினிகத்தேனை வளைவுகளில் இறங்கும்போது ஸ்டியரிங் கையில் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. விற்ற கடையில் போய் டிஸ்க் சரியில்லை என்று சத்தமும் போட்டேன். மாமா டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பில் விரலால் தடவி, ஓர் இடத்தில் நிறுத்தினார். நெல் அளவில் ஒரு துருச் செதில். "சுவருக்குச் சாந்து பூசுறப்ப பாசியைச் சுரண்டாமலாடா பூசுவ?" என்றார். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கத் திரும்பப் போனேன், அங்கேயே இன்னொரு சோடி டிஸ்க்கும் வாங்கினேன்.

நடந்தது இதுதான். ஹப்பும் டிஸ்க்கும் சேரும் முகத்தில் மெல்லிய செதில் இருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்காரும். நடுவில் தெரியாத கோணல் ஓரத்தில் ஆட்டமாகும். பல கார்களுக்கு 0.05 மில்லிமீட்டர் ஆட்டம்தான் எல்லை. அது ஒரு தாள் கனத்துக்கும் குறைவு. பிரேக் மிதிக்காதபோதும் சுற்றுக்கு ஒரு தடவை டிஸ்க் பேட்டைத் தொட்டுத் தொட்டு, அந்த இடம் மட்டும் தேயும். தேய்மானம் சமமில்லாமல் போனதும் ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் சூட்டில் நெளிந்துவிட்டது என்று நாம் சொல்லும் பல கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

ஆகவே கம்பி பிரஷ்ஷால் முதலில் பெரிய துருவை எடுங்கள். பிறகு உப்புத்தாளால் தேயுங்கள். சக்கரப் போல்ட்டுகளின் அடிவாரத்தில் பிரஷ் எட்டாது. உப்புத்தாளைச் சுருட்டிக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் திருப்புங்கள். செதில் இருக்கும் இடம் அதுதான். கடைசியில் கிளீனர் அடித்துத் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். விரலுக்குத் தட்டாவிட்டால் சரி.

பிராக்கெட்டில் பேட்டின் காதுகள் உட்காரும் மூலைகளையும் இதே மாதிரி சுரண்டி, புதுக் கிளிப் போடுங்கள். பின்களை வெளியே இழுத்துப் பழைய கிரீஸைத் துடைத்து, துளையையும் சுத்தம் செய்து, சிலிகோன் கிரீஸ் மெல்லியதாகப் பூசித் திரும்ப விடுங்கள். சில கார்களில் இரண்டு பின்களும் ஒன்றல்ல, ஒன்றின் நுனியில் ரப்பர் இருக்கும், மாற்றிப் போடாதீர்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி, பின்கள் மறுபடி இறுகும். விரலால் தள்ளினால் உள்ளே போய் வர வேண்டும்.

பூட்டுவது

புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். இரண்டு முகத்தையும் கிளீனரால் கழுவித் துடைத்தே வைக்க வேண்டும், அதற்குப் பிறகு கிரீஸ் கையால் தொடக் கூடாது. இரண்டு சக்கர நட்டுகளால் தற்காலிகமாக இறுக்கி, பிராக்கெட்டைப் பூட்டுங்கள்.

புதுப் பேட் தடிப்பானது, பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். பொனட்டைத் திறந்து பிரேக் ஒயில் டாங்கியின் மூடியைக் கழற்றி வையுங்கள். நிரம்பியிருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் எடுங்கள். பெயின்டில் சிந்தினால் உரிந்து வரும். பழைய பேட்டைப் பிஸ்டன்மேல் வைத்து ஜி கிளாம்பால் அவசரப்படாமல் இறுக்குங்கள். பிறகு பேட்டுகளை மாட்டுங்கள். பேட்டின் முதுகில் பிஸ்டன் தொடும் இடத்துக்கும் காதுகளுக்கும் சூடு தாங்கும் கிரீஸ் ஒரு பூச்சு, உராய்வு முகத்தில் ஒரு துளியும் படக் கூடாது.

காலிப்பரைத் திரும்ப வைத்துப் பூட்டி, தற்காலிக நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை மாட்டுங்கள், ஒயில் டாங்கியையும் மூடுங்கள். டொயோட்டாவின் இந்த அளவுக் கார்களில் சக்கர நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர். காலிப்பர் போல்ட்டுக்கும் பிராக்கெட் போல்ட்டுக்கும் உங்கள் மனுவலில் உள்ள அளவைப் பாருங்கள், இரண்டுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும். சிறியதைப் பெரியதின் பலத்தில் இறுக்கினால் மரை போய்விடும்.

கார் தரைக்கு வந்ததும், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிரேக்கை மிதியுங்கள். முதல் மிதி அடிவரை போகும். பயப்பட வேண்டாம், பிஸ்டன் பின்னால் போயிருக்கிறது. கெட்டியாகும்வரை மிதித்துக்கொண்டே இருங்கள். இதை மறந்து கிளட்சை விட்டுப் பள்ளத்தில் இறங்கியவர்கள் உண்டு. அப்புறம் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். ஒயில் மாற்றி இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் அடுத்த வேலை அதுதான். டொட் 3 வகைப் பிரேக் ஒயில் புதிதாக 205 பாகையில் கொதிக்கும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிட்டால் 140க்கு இறங்கிவிடும். நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்?

முதல் ஓட்டம்

சம தரையிலேயே நடை வேகத்தில் நான்கைந்து தடவை நிறுத்திப் பாருங்கள். பிறகு ரோட்டுக்கு வந்தால் இறக்கத்துக்குப் போகாதீர்கள், ஏற்றத்துக்குப் போங்கள். தலவாக்கலையிலிருந்து நான் நானுஓயா வழியாக ஏறி, கிரகரி வாவிப் பக்கம் போய்விடுவேன். விடிகாலையில் அங்கே சமமான ரோடு கிடைக்கும். பின்னால் வண்டி இல்லாதபோது 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை அழுத்திக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். ஒரு நிமிஷம் ஓடி ஆறவிட்டு மறுபடியும். இப்படி எட்டுப் பத்துத் தடவை. லேசான வாடை வரும், அது இருக்கட்டும். சூடாக இருக்கும்போது பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், பேட்டின் அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடும். இருபது நிமிஷம் சும்மா ஓட்டிய பிறகு சிறிய கியரில் வீட்டுக்கு இறங்கலாம். ஓட்டோ என்றால் L அல்லது B (பார்க் இல்லை).

நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். பழைய டிஸ்க் இரும்புக்காரருக்குப் போகட்டும். பழைய பேட்டில் ஒன்றை மட்டும் டிக்கியில் போட்டு வையுங்கள், அடுத்த தடவை பிஸ்டன் தள்ளத் தேவைப்படும்.