பாரசீகத்தில் ‘ரூய்’: துத்தநாகமா, முகமா, மேலேயா?

பாரசீகம் படிக்க ஆரம்பித்தவர்களும், மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி ஈரான் செய்திகளைப் படிப்பவர்களும் திரும்பத் திரும்ப வழுக்கி விழும் ஒரு சின்னச் சொல் ரூய். ரே, வாவ், யே என்று மூன்றே எழுத்து. துத்தநாகத்துக்கு, அதாவது 30ஆம் தனிமத்துக்கு ஈரானில் இதுதான் பெயர். ஆனால் அதே மூன்று எழுத்துக்கு முகம் என்றும் பொருள் உண்டு, ‘மேல்’ என்றும் பொருள் உண்டு.

பார்த்தவுடனே ‘மேல்’ என்று எடுத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கிற தவறு. ‘மஅதனெ ரூய்’ என்றால் துத்தநாகச் சுரங்கம், மேலே இருக்கும் சுரங்கம் அல்ல. பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள். ‘சோர்ப் ஓ ரூய்’ (ஈயமும் துத்தநாகமும்) என்று ஜோடியாக வந்தால் சந்தேகமே வேண்டாம். தாதுவில் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே கிடைப்பதால் பேச்சிலும் சேர்ந்தே வரும். அங்கூரான் சுரங்கம் இருக்கும் ஸன்ஜான் பகுதிச் செய்திகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

அப்புறம் உச்சரிப்பு. ‘மேசை மேல்’ என்பதைப் பேச்சில் ‘ரூ மீஸ்’ என்பார்கள், யே தேய்ந்துவிடும். உலோகத்தின் பெயரில் அது தேயாது. ‘துத்தநாகத்தின் மேல்’ என்று எழுதினால் ஒரே சொல் இரண்டு தடவை நிற்கும், வாசிக்கும்போது ‘ரூயெ ரூய்’. மருந்துக் கடையில் மட்டும் ‘கோர்ஸெ ஸிங்க்’ (துத்தநாக மாத்திரை) என்று கேட்பதுதான் வழக்கம்.

பழைய இலக்கியத்தில் நடக்கிற தவறுதான் எனக்கு மனசு ஆறாதது. பாரசீகக் காவியமான ஷாநாமாவின் வீரன் எஸ்ஃபந்தியார் ‘ரூயீன்தன்’ (ரூய் உடம்புக்காரன்), ஆயுதம் துளைக்காத மேனி, கண் மட்டும்தான் பலவீனம். இதைத் ‘துத்தநாக உடம்புக்காரன்’ என்று எழுதினால் அந்த வீரனே காணாமல் போய்விடுகிறான். அந்தக் காலத்தில் ரூய் என்றால் வெண்கலம், பித்தளை மாதிரியான செம்புக் கலவை, அதனால் ‘வெண்கல மேனியன்’ என்பதே சரி. பித்தளைக்கு இன்றைய பாரசீகச் சொல் ‘பெரெஞ்ச்’, அரிசிக்கும் அதே சொல்தான், அங்கேயும் பார்த்துப் போங்கள்.

கடைசியாக ‘தூத்தியா’. ஒலி ஒத்துப்போகிறதே என்று மயில்துத்தம் என்று எழுதிவிடாதீர்கள், மயில்துத்தம் செம்பு உப்பு, பாரசீகத்தில் அது ‘காதெ கபூத்’. பழைய நூல்களில் தூத்தியா பெரும்பாலும் துத்தநாகத்திலிருந்து வந்த கண்மருந்து. 13ஆம் நூற்றாண்டில் கிர்மான் பக்கம் அதைச் செய்வதை மார்க்கோ போலோ விவரித்திருக்கிறார்: ஒரு வகை மண்ணை உலையில் போட்டு எரிப்பார்கள், எழும் புகை மேலே வைத்த இரும்புக் கம்பிச் சட்டத்தில் போய்ப் படியும், அந்தப் படிவுதான் தூத்தியா.