சோக் போட்டால்தான் பைக் ஒழுங்காக ஓடுகிறதா?

எஞ்சின் சூடான பிறகும் சோக்கை எடுத்தால் இழுத்து நிற்கிறது, சிக்னலில் துடிக்கிறது, வேகத்தில் மட்டும் சரியாக ஓடுகிறது. சோக் போட்டால் கலவையில் பெற்றோல் கூடும்; அதனால் இப்படியென்றால் பெற்றோல் குறைவாகவோ காற்று அதிகமாகவோ போகிறது.

பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரைக் கழற்ற முன், எஞ்சின் ஆறியதும் அதன் அடியில் பெற்றோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் அடித் திருகாணியைத் தளர்த்திப் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். மழையில் நின்ற பைக் என்றால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். சில வேளை இதோடு வேலை முடிந்துவிடும்.

அடுத்து, எஞ்சினை ஐட்லிங்கில் (அக்சிலரேட்டர் முறுக்காமல்) ஓட விட்டு, காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரில் சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் வெடிப்பு, அல்லது கிளிப் தளர்வு. வெடித்த ரப்பருக்குப் பசை நிற்காது. பழையதைக் கையோடு கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

ரப்பர் நல்லதென்றால் பைலட் ஜெட்தான், அதாவது ஐட்லிங்கில் பெற்றோல் விடும், காபரேட்டருக்குள் இருக்கும் சின்னப் பித்தளைத் துண்டு; காபரேட்டரைக் கழற்றி அதை வெளியே எடுங்கள். அதன் துளை அரை மில்லிமீற்றரும் இராது. தயவுசெய்து கம்பியால் குத்தாதீர்கள்: பித்தளை மென்மையானது, துளை பெருத்தால் ஜெட் வீண். காபரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிளீனர், டயஃப்ரம் எனும் மெல்லிய ரப்பர்ச் சவ்வில் படக்கூடாது.

பூட்டியபின், ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் திருகாணியை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். எஞ்சின் சூட்டில் கால் சுற்றுக் கால் சுற்றாக மாற்றி, ஐட்லிங் அதிகம் ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். திருகாணி எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே எடுக்கப் பெற்றோல் கூடும்; ஏர் ஃபில்டர் பக்கமென்றால் காற்றுக் கூடும்.