'செக்' என்ற சொல்லுக்கு வேர் தேடுவது எப்படி

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கேரள எல்லை தாண்டி ஆரியங்காவுக்குப் போகிற சாலையில் ஒரு நாள் காதைத் தீட்டிக்கொண்டு போனால், 'செக்' என்ற சொல் குறைந்தது ஐந்து விதமாகக் காதில் விழும். செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்து. டயரில் காற்று செக் பண்ணு. பார்ட்டி கொடுத்த செக் திரும்பிவிட்டது. செக் போட்ட சட்டை. எதிர்க்கோஷ்டிக்கு செக் வைத்துவிட்டான். ஐந்தும் ஒரே சொல்லா, ஐந்து சொற்களா? இதை அகராதி திறக்கத் தெரிந்த எவரும் இரண்டு மாலைப் பொழுதில் கண்டுபிடிக்கலாம். பிளஸ் டூ மாணவர்களுக்குச் செயல்திட்டமாகக் கொடுக்கவும் தோதான சொல். செய்முறை கீழே. இதே முறை வேறு எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் பொருந்தும்.

முதலில் சீட்டு தயார் செய்யுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையை நாலாகக் கிழித்தால் பின்பக்கம் நல்ல சீட்டு. ஒரு சீட்டில் ஒரு வாக்கியம் மட்டும். 'செக்' என்று தனிச்சொல்லாக எழுதாமல், கேட்ட வாக்கியத்தை முழுதாக எழுத வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தனிச்சொல்லை எழுதி வைத்தால் மறுநாள் அது பேங்க் செக்கா, டயர் செக்கா என்று உங்களுக்கே தெரியாது. இருபது சீட்டு சேர்ந்தால் போதும். அதற்குக் குறைந்தால் ஓரத்து அர்த்தங்கள் சிக்காது. ஐம்பதைத் தாண்டினால் 'செக் பண்ணு' மட்டுமே முப்பது இருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் 'செக்'கை எடுத்துவிட்டு அங்கே தமிழ்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். அர்த்தங்களைப் பிரிக்க இதைவிட நல்ல கத்தி கிடையாது. செக்போஸ்ட் சோதனைச்சாவடி ஆகிறது. செக்டேம் தடுப்பணை ஆகிறது, மலையாளத்தில் தடயண. பேங்க் செக் காசோலை. செக் சட்டை, கட்டம் போட்ட சட்டை. மலைக்கு அந்தப் பக்கம் அதே கட்டத்தைக் 'கள்ளி' என்பார்கள், கட்டம் போட்ட கைலி அங்கே கள்ளிமுண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல் நிற்கிற இடத்தில் நம் மொழிபெயர்ப்பாளர்கள் சோதனை, தடுப்பு, ஓலை, கட்டம் என்று நாலு சொல்லைத் தேர்ந்திருக்கிறார்கள். ஆக, குவியல் நாலு. 'செக் வைத்தான்' என்ற சீட்டு எதிலும் உட்காராது. அதைத் தனியே வையுங்கள், மற்ற நாலுக்கும் அதுதான் சாவி.

இப்போது அகராதி. இங்கே ஒரு விஷயம் தெரியாமல் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பள்ளி அகராதிகள் இன்று அதிகம் புழங்கும் அர்த்தத்தை முதலில் போடுகின்றன. அதில் 'சரிபார்த்தல்' முதலாவதாக இருக்கும். முதலில் இருப்பதால் அதுவே பழையது என்று எழுதிவிட்டால் கதை முழுதும் தலைகீழ். பழமை வரிசை வேண்டுமானால் இரண்டு வழி: அர்த்தங்களை வரலாற்று வரிசையில் அடுக்கும் மெரியம்-வெப்ஸ்டர் கல்லூரி அகராதி, அல்லது ஒவ்வொரு அர்த்தத்துக்கும் கிடைத்த மிகப் பழைய மேற்கோளை ஆண்டோடு தரும் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. பின்னது 1884-ல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928-ல்தான் முடிந்தது. வீட்டில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். பெரிய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு குவியலின் மேலும் அதன் மிகப் பழைய காலத்தை எழுதுங்கள். சதுரங்கத்தில் ராஜாவுக்கு 'செக்' சொல்வது 1300-ஐ ஒட்டி. தடுத்தல் 14-ஆம் நூற்றாண்டின் கடைசி. கட்டம் போட்ட துணி 1400-ஐ ஒட்டி. ஒப்பிட்டுச் சரிபார்த்தல் 17-ஆம் நூற்றாண்டின் கடைசி. வங்கிச் சீட்டு 18-ஆம் நூற்றாண்டு. காலம் எழுதியவுடனே தெரிந்துவிடும்: ஒதுக்கி வைத்த அந்த ஒற்றைச் சீட்டுத்தான் தலைமகன்.

சதுரங்கம் இங்கிருந்து பாரசீகம் போனது, அங்கே சத்ரங்க். அரபியில் 'பச்சை'யில் வரும் ச ஒலியும் 'தங்க'த்தில் வரும் க ஒலியும் இல்லாததால் ஷத்ரஞ்ச். ராஜாவைத் தாக்கும்போது எதிராளி 'ஷா!' என்று குரல் கொடுப்பது வழக்கம். ஷா என்றால் ராஜா. (இன்றைய உலக விதியில் அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. டீக்கடை ஆட்டத்தில் சொல்லாவிட்டால்தான் சண்டை.) இந்த 'ஷா'தான் ஐரோப்பாவுக்குப் போய் லத்தீனில் ஸ்காக்கஸ், பழைய பிரெஞ்சில் எஸ்செக், ஆங்கிலத்தில் செக். அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையே செஸ். செஸ்ஸும் செக்கும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

லத்தீனில் இல்லாத 'எ' பிரெஞ்சில் எங்கிருந்து வந்தது என்று மாணவர் யாராவது கேட்பார். கேட்டால் நல்லது. 'ஸ்கூல்' என்பதை நம் பாட்டிகள் எப்படிச் சொல்கிறார்கள்? இஸ்கூல். ஸ்டேஷன், இஸ்டேஷன். சொல்லின் முதலில் ஸகரமும் இன்னொரு மெய்யும் ஒட்டி வந்தால் நாக்குக்கு முன்னால் ஒரு உயிர் வேண்டியிருக்கிறது. பழைய பிரெஞ்சுக்காரர்களுக்கும் அதே நாக்கு. ஆங்கிலேயர் அந்த 'எஸ்'ஸை வெட்டிவிட்டார்கள். எஸ்கொயர் என்பது ஸ்கொயர் ஆனதும் அதே மாதிரி வெட்டு, அங்கே போனது 'எ' மட்டும். வேர் தேடுகிறவர் ஒலி மாற்றத்தை இப்படி ஒரு விதியாகக் காட்ட வேண்டும். 'காலப்போக்கில் மருவியது' என்று எழுதினால் அது பதில் ஆகாது.

பாதை சரிதானா என்று பார்க்க அண்டை மொழிகளைக் கேளுங்கள். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு சொல்லை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் நம் சொல்லின் வயது தெரிவதுபோலத்தான் இதுவும். இத்தாலியில் ஸ்காக்கோ. ஜெர்மனில் ஷாக், ஆட்டத்துக்கும் அதே பெயர். ரஷ்ய மொழியில் ஆட்டத்தின் பெயரே ஷாக்மாட்டி. இந்தியில் இன்றும் ஷஹ், மாத். எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. இன்னும் ஒரு படி பின்னால் போனால், பழைய பாரசீகத்தில் அரசனைக் குறித்த சொல்லும் வடமொழியின் க்ஷத்ர என்ற சொல்லும் ஆளுதல் என்னும் ஒரே வேரில் பிறந்தவை. புளியரைச் சாவடிப் பலகையில் இருக்கிற 'செக்'குக்கு க்ஷத்திரியர் ஒன்றுவிட்ட உறவு.

செக்மேட் சீட்டு வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். 'ராஜா செத்தான்' என்று பொருள் சொல்வது எங்கும் பரவியிருக்கிறது, அரபியில் மாத என்றால் இறந்தான் என்பதால். பாரசீகத்தில் மாத் என்றால் திகைத்து வழியற்று நிற்பது. ஆட்டத்தையே பாருங்கள்: சிப்பாயை வெட்டலாம், ராணியை வெட்டலாம், ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. போக்கிடம் இல்லாமல் நின்றதும் ஆட்டம் முடிகிறது. பாரசீகப் பொருளே பொருத்தம்.

இனி அர்த்தங்களை ஏணியாக நிறுத்த வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வி: முந்தைய அர்த்தத்தின் எந்தத் துண்டு அடுத்ததற்குப் போயிற்று? 'ஷா' என்று கேட்டதும் எதிராளி நினைத்திருந்த எதையும் ஆட முடியாது. ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அந்தக் கட்டாய நிறுத்தம்தான் பிரிந்து தடுத்தல் ஆனது. செக்டேம் இந்தப் படியில் நிற்கிறது. அணை ஓடையைச் சோதிப்பதில்லை, மறிக்கிறது. தடுத்தலிலிருந்து கட்டுப்படுத்தல், அதாவது ஒருவன் கை நீளாமல் பார்த்துக்கொள்வது. கை நீண்டதா என்று அறிய அவன் கணக்கை இன்னொரு கணக்கோடு ஒப்பிட வேண்டும். அங்கே சரிபார்த்தல் பிறந்தது. செக்போஸ்ட்டில் இரண்டு படியும் சேர்ந்தே இருக்கின்றன: குறுக்குக் கம்பு தடுக்கிறது, அதிகாரி பில்லையும் லோடையும் ஒப்பிடுகிறார். தமிழில் சாவடிக்கு 'சோதனை'யை மட்டும் வைத்தோம். வரிசையில் நிற்கிற லாரிக்காரரைக் கேட்டால் 'தடுப்பு' என்றுதான் பெயர் வைப்பார்.

கட்டம் வேறு கிளை. அது 'ஷா' என்ற குரலிலிருந்து வரவில்லை, ஆட்டப் பலகையிலிருந்து வந்தது. பலகைக்குப் பிரெஞ்சில் எஸ்செக்கியே. அதன் வழியே இங்கிலாந்து அரசின் கருவூலத்துக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர். இரண்டாம் ஹென்றியின் பொக்கிஷதாரர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 12-ஆம் நூற்றாண்டில் இதை விவரித்து எழுதியிருக்கிறார்: 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேஜை, மேலே கோடு போட்ட கறுப்புத் துணி, கோடுகளுக்கு இடையே காய்களை நகர்த்திக் கணக்கு. ஒரு பக்கம் பொக்கிஷதாரர், எதிர்ப்பக்கம் மாவட்ட வரியைக் கொண்டுவந்த ஷெரீஃப். சதுரங்கம் போலவே இருவருக்கும் இடையே போர் என்கிறார் அவர். தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பேங்க் செக் குவியலில்தான் அதிகம் வழுக்கும். கருவூலமும் பணம், செக்கும் பணம் என்பதால், செக் என்பதே எக்ஸ்செக்கரின் சுருக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. அது சரிபார்த்தல் படியின் பிள்ளை. முதலில் செக் என்றால் அடிக்கட்டை. சீட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகு கையில் நிற்கும் துண்டு. சீட்டு திரும்பி வரும்போது அதோடு ஒப்பிட்டால் திருத்தல் தெரிந்துவிடும். பிறகு பெயர் அடிக்கட்டையிலிருந்து சீட்டுக்கே தாவிவிட்டது. கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கிற டோக்கனும் அதே தத்துவம், விமானத்தில் 'செக்-இன்' பெட்டிக்கு ஒட்டுகிற சீட்டும் அதே தத்துவம். எக்ஸ்செக்கர் கொடுத்தது எழுத்துக்கூட்டலில் ஒரு வாடை மட்டும். பேங்க் செக்கை சி, எச், ஈ, க்யூ, யூ, ஈ என்று எழுதுவது பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டில் நிலைத்தது. அமெரிக்கர்கள் இன்றும் எல்லாவற்றுக்கும் சி, எச், ஈ, சி, கே. நம் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ல் வந்தது. 6-ஆம் பிரிவில் பிரிட்டிஷ் கூட்டல் ஏறியதால் இந்திய செக் புக்கில் அதுவே. தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடும் என்பதால் சீட்டிலேயே ஆங்கிலக் கூட்டலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலி ஒற்றுமையில் விழாதீர்கள். செங்கோட்டைப் பக்கம் உடனே எழும் கேள்வி: எண்ணெய்ச் செக்கு? மலையாளத்தில் அது சக்கு. சோழர் கல்வெட்டுகளில் செக்கிறை என்று செக்குக்கு வரியே இருக்கிறது. ஆங்கிலம் நம் கரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பு. 'செக்கில் போட்டுப் பிழிவதுபோல் சோதிப்பதால் செக்' என்று அழகாக விளக்கலாம்தான். நடுவில் ஷா, எஸ்செக் எதற்கும் இடமில்லாமல் போகிறதே, அதற்கு என்ன செய்வது? சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் செக்கு என்றால் செதுக்கு. பேங்க் செக்குக்கும் அங்கே செக்கு என்றுதான் பெயர். இரண்டுக்கும் உறவில்லை. ஐரோப்பாவின் செக் நாட்டுப் பெயரும் அப்படியே, அது ஒரு ஸ்லாவிய இனத்தின் பெயர். உறவு கொண்டாட மூன்று சாட்சி வேண்டும்: காலம் ஒத்துவர வேண்டும், வந்த வழி தெரிய வேண்டும், ஒலி மாற்றத்துக்கு விதி இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சீட்டைத் தனியே வையுங்கள்.

கடைசியில் ஒரு சீட்டு மிஞ்சும். 'செக்போஸ்ட்டுல இறங்கணும்' என்று பஸ்ஸில் சொல்கிறார்களே, அது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபின் கேரளத்தின் வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. போலீஸ், மதுவிலக்கு, போக்குவரத்து ஆட்களின் சோதனை தனியே தொடர்ந்தது. கொட்டகை போனாலும் நிறுத்தத்தின் பெயர் போவதில்லை. அங்கே இறங்குகிறவர் எதையும் சோதிப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை. அவருக்கு அது ஓர் ஊர்ப்பெயர். எந்த அகராதியும் இந்த அர்த்தத்தைத் தராது. ஐந்தாவது குவியலாக வைத்து, கேட்ட தேதியையும் பஸ் ரூட்டையும் சீட்டின் மூலையில் எழுதிவிடுங்கள்.