கர்சரை நகர்த்த ஸ்பேஸ் பார்

போனில் டைப் செய்த வரியின் நடுவே ஒரு எழுத்து தப்பாகிவிட்டால், கடைசியிலிருந்து அழித்துக்கொண்டே வர வேண்டாம். கூகுளின் கீபோர்டு ஆப்பான ஜிபோர்டில் ஸ்பேஸ் பார் மேல் விரலை வைத்து இடமோ வலமோ தேயுங்கள், கர்சர் (டைப் செய்யும் இடத்தைக் காட்டும் கோடு) கூடவே நகரும். ஐபோனில் ஸ்பேஸ் பாரைச் சற்று அழுத்திப் பிடித்தால் எழுத்துகள் மறைந்து கீபோர்டு முழுவதும் டச்பேட் ஆகிவிடும்; மேலும் கீழும்கூடப் போகலாம். (2018இல் வந்த ஐஓஎஸ் 12 முதல் இந்த வசதி உண்டு.)

எழுத்தின் மேலேயே தொடும்போது, பார்க்க வேண்டிய இடத்தை நம் விரலே மறைத்துவிடுகிறது. இந்த முறையில் விரல் கீழே இருப்பதால் கர்சர் எங்கே நிற்கிறது என்பது தெளிவாகத் தெரியும். புதிதாக ஒரு பட்டனைக்கூடச் சேர்க்காமல், கட்டைவிரல் எப்போதும் இருக்கும் இடத்திலேயே இதை வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

ஜிபோர்டில் பல மொழிகள் வைத்திருப்பவர்கள் அழுத்திப் பிடித்தால் மொழிப் பட்டியல்தான் வரும். விரல் பட்டதுமே தேய்த்துவிட வேண்டும். நீண்ட பத்தியில் வெகுதூரம் போகவும் இது சரிப்படாது: பிழைக்கு அருகில் ஒருமுறை தொட்டுவிட்டு, மிச்சமுள்ள சில எழுத்துகளை மட்டும் இப்படிக் கடக்கலாம்.