சென்னையில் பழைய வீடு பார்க்கப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்

பெட்டியில் என்ன வைப்பது, சிம் கார்டு எங்கே வாங்குவது என்பதெல்லாம் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. சென்னையின் பழைய தெருக்களில் நடக்க வேண்டும், திண்ணையும் முற்றமும் உள்ள வீடுகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசையோடு விமானம் ஏறுகிறவரா நீங்கள்? அந்த வீடுகளில் ஏதாவது ஒன்றில் உங்களுக்குப் பங்கும் இருக்கிறதா? அப்படியானால் முதல் மூன்று நாளிலேயே சுற்றிப் பார்த்து முடித்துவிடுங்கள். பத்திர வேலையெல்லாம் அப்புறம். நான் தலைகீழாகச் செய்தேன். இருபத்தொரு நாள் விடுப்பில் பதினாறு நாள் சார்பதிவாளர் அலுவலகத்தின் ஒரு சிமென்ட் பெஞ்சிலும் அதைச் சுற்றியுமே போயிற்று.

நான் பிறந்தது திருவல்லிக்கேணி, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களைக் காலை ஆறரைக்குள் பார்த்துவிட வேண்டும். எட்டு மணிக்கு மேல் பைக்குகள் திண்ணையை மறைத்துவிடும். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு இருக்கிறது. அரசு அதை 1993-ல் வாங்கி நினைவு இல்லமாக்கியது. யாரிடமும் கெஞ்சாமல் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்பதே அதன் பெரிய வசதி. மற்ற வீடுகளில் ஆள் குடியிருக்கிறார்கள். வாசலில் நின்று போனைத் தூக்காதீர்கள். "ஆச்சரியமா இருக்கு, இன்னும் இதுல இருக்கீங்களா?" என்றும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். வெள்ளிக்கிழமைக் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிமிராமல், "வேற எங்க போறது?" என்றார்.

மயிலாப்பூருக்குப் போகிறவர்கள் மாட வீதிக் கூட்டத்தோடு திரும்பிவிடுகிறார்கள். சித்திரக்குளத்துப் பக்கம் நடந்து பாருங்கள், ஓட்டு வீடுகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. மெட்ரோ வேலையால் லஸ், கச்சேரி சாலைப் பக்கமெல்லாம் பாதை மாறி மாறிப் போகிறது. ஆட்டோவில் உட்கார்ந்து புலம்புவதைவிடப் பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்குவது மேல். கிழக்கு மாட வீதியில் காளத்தி கடை ரோஸ் மில்க் இன்னும் இருக்கிறது. சின்ன வயதில் குடித்ததைவிடத் தித்திப்பு கூடிவிட்டது போல் இருந்தது. ஐரோப்பாவில் சர்க்கரையைக் குறைத்துக் குறைத்து என் நாக்குதான் மாறிவிட்டதோ என்னவோ.

யாரும் கூட்டிப்போகாத இடம் சிந்தாதிரிப்பேட்டை. அண்ணா சாலையிலிருந்து நடக்கிற தூரம்தான். கூவம் அதை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 1734-ல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், துணி வியாபாரத்துக்காக நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் இப்படித் திரிந்தது என்கிறார்கள். ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீஸ்வரரும் பக்கத்துப் பக்கத்தில் கோயில் கொண்டிருக்கிறார்கள். மீன் மார்க்கெட்டைத் தாண்டிப் போக வேண்டும், காற்று கூவத்துப் பக்கமிருந்து அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் கம்பி அழி வைத்த மாடி ஜன்னல்களும் ஒன்றையொன்று தோளில் தாங்கி நிற்கும் வீடுகளும் அங்கே கிடைப்பது போல வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த வீடுகளுக்குள் போக வாய்ப்புக் கிடைத்தால் தரையைப் பார்ப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்கே மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு மேல் மெல்லிய செங்கல்லைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பு வைத்து அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளம், கடைசியாகத் தட்டோடு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்பு. அந்தக் கூரைக்குக் கீழே மே மாதத்திலும் மதியம் தூங்கலாம். எங்கள் கூடத்தில் ஏழு உத்திரம். காய்ச்சலில் படுத்திருக்கும்போதெல்லாம் எண்ணியிருக்கிறேன்.

பாரம்பரியக் கட்டடம் என்று யாராவது காப்பாற்ற மாட்டார்களா என்று கேட்பீர்கள். 2010-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பில் 467 கட்டடங்களின் பட்டியல் இடம்பெற்றது. உங்கள் தாத்தா வீட்டை அதில் தேடாதீர்கள். பெயரில்லாத வீடுகளுக்கு அதில் வாழ்கிறவர்கள்தான் காவல். அவர்களுக்கும் வயதாகிறது.

எங்கள் வீட்டுக்குக் காவல் சித்தப்பா. தாத்தா 1984-ல் வீட்டைப் பாதிப் பாதியாக செட்டில்மென்ட் எழுதி வைத்தார். ஒரு பாதி சித்தப்பாவுக்கு, மறு பாதி தகப்பனை இழந்த மைனர் பேத்திக்கு, அதாவது எனக்கு. நான் ஸ்டுட்கார்ட்டுக்குப் போய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொத்துவரி கட்டியது, மழைக்கு முன்னால் தளத்துக்குத் தார் பூசியது, கடைசி நாலு வருஷம் பாட்டியைத் தூக்கி உட்காரவைத்தது எல்லாம் சித்தப்பாவும் சித்தியும். போன வருஷம் போனில் சொன்னார்: "புரோமோட்டர் வந்திருக்கான். பத்திரம் ஒரே பேர்ல இருக்கணுமாம். உனக்கு அங்க குறையில்ல. ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டுப் போயேன்." என் பாதியை அவர் பேருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம் அது. கேட்டது நியாயம்தான் என்று தெரிந்தது. கோபம் வந்ததும் உண்மை.

ஒரு எச்சரிக்கை. சொத்து பேசப் போகிற வீட்டில் தங்காதீர்கள். காலையில் சுடச்சுட இட்லி வைக்கிற சித்தியிடம் பங்கு பற்றி வாய் திறக்க முடியாது. சாயங்காலம் நடக்கலாம் என்று நினைத்த தெருக்கள் எல்லாம், "எங்க கிளம்பிட்ட, ஆவண எழுத்தர் ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கார்" என்பதில் போய்விடும்.

எந்த சார்பதிவாளர் அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அவர்கள் மேல் தப்பும் இல்லை. முதல் நாள் டோக்கன் எண் வந்தது, போய் நின்றோம். கவுன்டரில் இருந்த பெண் பழைய பத்திரத்தைப் புரட்டினார்.

"வசந்தி வந்திருக்காங்களா?"

"நான்தான்."

"பாஸ்போர்ட்ல வசந்தான்னு இருக்கே."

பள்ளிச் சான்றிதழ் முதல் பாஸ்போர்ட் வரை நான் வசந்தா. வீட்டில் வசந்தி. தாத்தா பத்திரத்திலும் வாயில் வந்ததையே எழுதச் சொல்லியிருக்கிறார். போதாக்குறைக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "எல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று சொல்லியிருந்த ஆவண எழுத்தர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்.

வசந்தியும் வசந்தாவும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு மறுமுறை போனோம். அடுத்த டோக்கன் கிடைக்க நாலு நாள். "நீங்களே எழுதிக் கொடுத்தது சரி. ரெண்டு பேரும் ஒண்ணுன்னு பழைய ஆதாரம் ஏதாவது வேணும்" என்றார் அதே பெண். நான் ஜெர்மனியில் எத்தனையோ அலுவலகம் ஏறியவள். அங்கேயும் ஒன்றும் சொர்க்கமில்லை, வீடு மாறியதைப் பதிவு செய்யவே ஒரு பொழுது போகும். ஆனால் அங்கே யாரும் நீ யார் என்று நான் பிறந்த ஊரில் கேட்பது போல் கேட்டதில்லை. கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து சித்தப்பா, "வசந்தி, சத்தம் போடாத, இங்க வந்து உட்காரு" என்றார்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "இப்பக் கூப்பிட்டாரே, அதுக்குத்தான் மேடம் ஒரு பேப்பர் வேணும்."

பேப்பர் சித்தியிடம் இருந்தது. பீரோவுக்குக் கீழே பிஸ்கட் டின், அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. பழைய ரேஷன் கார்டு ஒன்று. தாத்தா, பாட்டி, சித்தப்பா, அம்மா, கடைசி வரியில் 'வசந்தி, பேத்தி, 6'. அதே கட்டில் என் பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழின் நகலும் இருந்தது, வசந்தா என்று, அதே முகவரியோடு. என் நாலாம் வகுப்பு மார்க் ஷீட்டும், நான் ஸ்டுட்கார்ட்டிலிருந்து முதல் வருஷம் போட்ட மூன்று கடிதங்களும்கூட இருந்தன. நாலாவது கடிதம் நான் போட்டதாக ஞாபகம் இல்லை. "எதையும் தூக்கிப் போடறதில்ல" என்றாள் சித்தி, சாதாரணமாக.

மூன்றாவது முறை சர்வர் டவுன். நான்காவது முறை என் கட்டைவிரல் ரேகை இயந்திரத்தில் ஏறவில்லை. துடைத்து, தலைமுடியில் தடவி, மறுபடி அழுத்தி, ஏழாவது தடவை ஏறியது. போட்டோவில் கண்ணை மூடியிருக்கிறேன். அது அந்தப் பத்திரத்தில் நிரந்தரமாக இருக்கும்.

சரி, உங்களுக்கு உதவக்கூடியது இதுதான். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, வெளிநாட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். சொத்து தெரிந்ததுதானே என்று விடாமல், உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மூலப்பத்திரத்தின் நகலையும் வரவழைத்துப் படியுங்கள். இனிஷியல், செல்லப்பெயர், கல்யாணத்துக்குப் பிந்தைய பெயர் எதுவாக இருந்தாலும், இணைத்துக் காட்டும் பழைய காகிதத்தைக் கிளம்புவதற்கு முன்பே தேடச் சொல்லுங்கள். சுபமுகூர்த்த நாளில் போகாதீர்கள், கூடுதல் டோக்கன் கொடுத்தும் கூட்டம் தாங்காது. ஆடியில் பத்திரம் போட நம்மவர்கள் தயங்குவார்கள், அது ஐரோப்பாவின் கோடை விடுமுறைக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் ஆடிப்பெருக்கு அன்று மட்டும் வேண்டாம்.

நேரில் போக முடியாதவர்கள், தங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். அது இந்தியாவில் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், பலர் கோட்டைவிடுவது அங்கேதான். பவர் வாங்கியவர் பதிவுக்குப் போகும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்றும் கேட்பார்கள். பவரையும் அந்தச் சான்றையும் அனுப்பியிருந்தால் போதாதா என்று சித்தப்பா பின்னால் கேட்டார். நேரில் வந்து போனதே நல்லது என்று நானே சொல்லிவிட்டேன், எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

ஊர் திரும்ப ஐந்து நாள் இருக்கும்போது வீடு இடிக்கிறவர் வந்தார். இடிப்பதற்கு நாம் பணம் தர வேண்டியதில்லை, மரத்துக்காக அவர்தான் நமக்குத் தருவார். கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி விரல் முட்டியால் ஒவ்வொரு உத்திரமாகத் தட்டினார். ஐந்தாவதில் சத்தம் மாறியது. "இதுல கரையான், மத்ததெல்லாம் பர்மா தேக்கு" என்றார். நான் எத்தனை காய்ச்சலில் எண்ணியும் எனக்கு ஏழும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கின்றன.

வாசல் கதவின் பித்தளைக் குமிழ் ஒன்றைக் கேட்டேன். கதவு இப்போது அவர் கணக்கில் என்பதால் நானூறு ரூபாய் சொன்னார். சித்தப்பா தலையிடப் போனார், வேண்டாமென்று கொடுத்துவிட்டேன். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சட்டம் விடாது, நீங்களும் தூண், கதவு என்று ஆசைப்பட்டால் இதை நினைவில் வையுங்கள். எங்கள் வீடு 1938-ல் கட்டியது, அதனால் பயமில்லை. இருந்தாலும் விமான நிலையத்தில் கேட்டால் காட்டலாமே என்று ரசீது கேட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, கார்பன் தாளைச் செருகி, பேனாவை உதறினார்.

"எந்தப் பேருக்கும்மா போடணும்?"